கடையைப் பற்றி இணையத்தில் எழுதினேன். வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். வீட்டிலிருந்தே தையல் வேலை செய்யும் பெண் நான். என் கைபேசியின் உடைந்த டிஸ்ப்ளேவை எங்கள் பகுதிக் கடையொன்றில் 6,800 ரூபாய் கொடுத்து மாற்றினேன். ‘ஒரிஜினல்’ என்று சொல்லித்தான் போட்டார்கள். பதினெட்டாம் நாள் திரையில் பச்சைக் கோடுகள் விழுந்தன. டிஸ்ப்ளேவுக்கு வாரண்டி கிடையாது என்று கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார், பில்லும் தரவில்லை. கூகுள் மேப்பில் ஒரு நட்சத்திரம் கொடுத்து நடந்ததை எழுதினேன். கோபத்தில், ‘திருட்டுக் கடை, வருகிறவர்கள் எல்லோரையும் ஏமாற்றுகிறான்’ என்றும் சேர்த்துவிட்டேன். அதையே அவருடைய படத்துடன் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். ஏழு நாளில் ஐந்து லட்சம் ரூபாய் தராவிட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் கைது செய்யப்படுவேன் என்று இப்போது நோட்டீஸ் வந்திருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் அந்த ஏழு நாள் கெடுவைப் பற்றிய அச்சத்தை விடுங்கள். வக்கீல் நோட்டீஸ் என்பது எதிர்த்தரப்பினர் தம் வழக்கறிஞர் மூலம் எழுதும் கடிதமே தவிர, நீதிமன்ற உத்தரவு அன்று. அதிலுள்ள கெடுவும் தொகையும் அவர்களாக வைத்தவை. 66ஏ பிரிவைக் காட்டி மிரட்டியிருப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் முழுவதுமாக ரத்து செய்துவிட்டது. அதன் கீழ் எவர் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022-இலும் மீண்டும் ஆணையிட்டது. இல்லாத பிரிவில் உங்களை யாரும் கைது செய்ய முடியாது.

அதற்காக நோட்டீஸை மடித்து மூலையில் போட்டுவிடவும் கூடாது. 66ஏ போனாலும் அவதூறுச் சட்டம் இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவின்படி அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை வெறுங்காவலோ, அபராதமோ, இரண்டுமோ, சமூக சேவையோ தண்டனையாக விதிக்கப்படலாம். ஆனால், இக்குற்றத்துக்குக் காவல் நிலையத்தில் நேரடியாக வழக்குப் பதிந்து கைது செய்ய இயலாது. பாதிக்கப்பட்டவர் தாமே குற்றவியல் நடுவரிடம் புகார் தாக்கல் செய்ய வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, அந்தப் புகாரைக் கோப்பில் ஏற்பதற்கு முன்பே உங்கள் தரப்பைக் கேட்க நடுவர் வாய்ப்பளித்தாக வேண்டும். ஐந்து லட்சம் கேட்டு உரிமையியல் வழக்குப் போடுவதானால், தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணமே நூற்றுக்கு மூன்று வீதம் 15,000 ரூபாய் ஆகும். 6,800 ரூபாய்ச் சண்டைக்கு அவ்வளவு செலவழிக்கக் கடைக்காரர் முன்வருவார் என்று நான் எண்ணவில்லை. ஆனாலும் அதை நம்பி இருந்துவிடவும் வேண்டாம்.

நீங்கள் எழுதியதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். எவ்வளவு கொடுத்தீர்கள், எந்த நாளில் கோடு விழுந்தது, கடைக்காரர் என்ன பதில் சொன்னார் என்பதெல்லாம் உங்களுக்கு நேர்ந்தவை. அவற்றை உங்களால் நிரூபிக்க முடியும். உரிமையியல் வழக்கில் உண்மையே முழுமையான எதிர்வாதம்; குற்றவியல் வழக்கிலோ, சொன்னது உண்மை என்பதோடு, அதை வெளியிட்டது பொது நன்மைக்காக என்றும் காட்ட வேண்டும், அல்லது தன் நலனையோ பிறர் நலனையோ காக்க நல்லெண்ணத்துடன் சொன்னதாகக் காட்ட வேண்டும். ஒரு வாடிக்கையாளர் தமக்கு நேர்ந்ததை மற்ற வாடிக்கையாளர்களுக்குச் சொல்வது அந்த விதிவிலக்குகளுக்குள் அடங்கும் என்பதே என் கருத்து. ‘திருட்டுக் கடை’, ‘எல்லோரையும் ஏமாற்றுகிறான்’ என்பவை வேறு. எல்லோரையும் ஏமாற்றியதை எந்தச் சாட்சியை வைத்து நிரூபிப்பீர்கள்? நோட்டீஸ் முழுவதும் நிற்பது இந்தச் சில சொற்களின் மேல்தான். வடசென்னையில் இதைவிடக் காரமான சொற்கள் தினமும் காற்றில் கரைந்துபோகின்றன. எழுத்தில் வந்தால் அவை கரைவதில்லை.

ஆகவே, மதிப்பீட்டை முழுவதும் நீக்க வேண்டியதில்லை. இப்போதுள்ள வடிவத்தைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த இரண்டு தொடர்களை மட்டும் எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் போட்ட படத்தை நியாயப்படுத்த என்னால் இயலவில்லை. அதை நீக்கும் காலம் கடந்திருந்தால், ‘நான் பயன்படுத்திய கடுஞ்சொற்களைத் திரும்பப் பெறுகிறேன், படத்தை யாரும் பகிர வேண்டாம்’ என்று அதே குழுவில் எழுதுங்கள். கடைக்காரர் வேறு தாள் எதையும் நீட்டி மன்னிப்புக் கடிதம் கேட்டால், வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள்.

அடுத்து, நோட்டீஸுக்கு எழுத்து மூலம் பதில் அனுப்ப வேண்டும். பதில் அனுப்பியே தீர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் மௌனம் பின்னால் உங்களுக்கு எதிராக வாதிடப்படும். நடந்ததைத் தேதி வாரியாகச் சொல்லி, கடுஞ்சொற்களை நீக்கிவிட்டதைக் குறிப்பிட்டு, 6,800 ரூபாயைத் திருப்பித் தரும்படி அந்தப் பதிலிலேயே கோருங்கள். பெண் என்பதால் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி பெற உங்களுக்கு உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள்.

உண்மையில் உங்கள் கை ஓங்கியிருப்பது நுகர்வோர் சட்டத்தில். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தராமல் இருப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் காலவரம்பு ஏதும் இல்லாதபோது, குறையுள்ள பொருளை முப்பது நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதும் அவ்வாறே. உங்களுக்குக் கோடு விழுந்தது பதினெட்டாம் நாள். ‘வாரண்டி கிடையாது’ என்று வாயால் சொன்னதால் மட்டும் அந்தப் பொறுப்பு கடைக்காரரை விட்டுப் போய்விடாது. பில் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். யூபிஐ-யில் பணம் சென்ற பதிவும், கடைக்காரருடன் நடத்திய வாட்ஸ்அப் உரையாடலும் இருந்தால் அவை போதிய தொடக்கச் சான்றுகள். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவுகளின் பிரதியோடு, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டியிருக்கும் என்பதால், அந்த உரையாடலைக் கைபேசியிலிருந்து அழித்துவிடாதீர்கள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பயனில்லையென்றால் சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்யலாம். பொருளுக்கோ சேவைக்கோ ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட தொகை செலுத்தியவர்களுக்கு மனுக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைக்காமல் நீங்களே வாதாடவும் முடியும். பணத்தைத் திரும்பக் கேட்பதோடு, மன உளைச்சலுக்கும் செலவுக்கும் நியாயமான தொகை கோருங்கள். அவர்கள் கேட்ட ஐந்து லட்சத்துக்குப் போட்டியாகப் பத்து லட்சம் என்று எழுத வேண்டாம். ஆணையத்தில் அது உங்கள் மேல் உள்ள நம்பிக்கையைக் குறைக்குமே தவிர, வேறு பயன் தராது.

ஒன்றை மட்டும் அவசரப்பட்டுச் செய்துவிடாதீர்கள். தையல் ஆர்டர்கள் அந்தக் கைபேசிக்குத்தான் வரும் என்பதால், வேறொரு கடையில் டிஸ்ப்ளேவை மாற்றத் தோன்றும். அதற்கு முன் கைபேசியைத் தயாரித்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் காட்டி, போடப்பட்டிருப்பது அவர்களுடைய பாகமா இல்லையா என்று எழுத்தில் வாங்குங்கள். மாற்றிய பிறகு கழற்றிய பாகத்தைக் கேட்டுப் பெற்று, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.