பூஜ்யத்துக்குப் பின்னால் ஒளிந்த லைசென்ஸ்

கேள்வி: எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னலை அப்டேட் செய்ததும், கார்டை இயக்கக் கம்பெனி கொடுத்த டிரைவர் ஏறவில்லை. சோர்ஸை (மூல நிரலை) வெளியிடாத மூடிய டிரைவர்களையும் அனுமதித்துவிட்டால் என்ன குறைந்துவிடும்? லினக்ஸ்காரர்கள் கொள்கை பேசியே எங்களை ஏன் வதைக்கிறார்கள்?
— ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: 'அனுமதி' கேட்கிறீர்களே, உங்களைத் தடுத்தது யார்? சொந்த மெஷினில் நீங்கள் எந்த மாட்யூலை (கெர்னலில் ஏறும் டிரைவர் போன்ற துண்டை) ஏற்றினாலும் லினக்ஸின் லைசென்ஸான ஜிபிஎல் ஏனென்று கேட்காது. மூடிய மாட்யூல்கள் 2008 ஜனவரியிலிருந்து ஏறவே கூடாது என்று 2006 டிசம்பரில் கெர்னல் டெவலப்பர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் ஒரு பேட்ச் (நிரல் திருத்தம்) கொண்டுவந்தார். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஒப்பவில்லை, கிரெக்கும் அதைத் திரும்பப் பெற்றார். மூடிய மாட்யூல் ஏறினால் கெர்னல் தன்மீது 'டெயின்டட்' (கறைபட்டது) என்று குறித்துக்கொள்கிறது. கிராஷ் ஆனால் காரணம் தேட சோர்ஸ் கிடையாது என்று அதற்கு அர்த்தம். சில ஃபங்ஷன்களை ஜிபிஎல் மாட்யூல்களுக்கு மட்டுமே தருகிறது. அவ்வளவுதான்.

அந்தக் குறியைக்கூடப் பொறுக்க முடியாமல் லினக்ஸன்ட் என்ற மோடம் டிரைவர் கம்பெனி செய்த வேலை 2004இல் அம்பலமானது. தன் லைசென்ஸ் என்னவென்று மாட்யூல்தான் கெர்னலிடம் சொல்ல வேண்டும். அவர்கள் 'ஜிபிஎல்' என்று எழுதி, அதையடுத்து ஒரு பூஜ்ய பைட்டை வைத்தார்கள். அதற்குப் பிறகுதான், இது ஜிபிஎல் டைரக்டரியில் உள்ள ஃபைல்களுக்கு மட்டும் என்ற விவரமே வருகிறது. சி மொழியில் பூஜ்யம் வந்தால் எழுத்துச் சரம் முடிந்தது. கெர்னல் முதல் மூன்றெழுத்தைப் படித்து, நம்பி, குறி போடாமல் விட்டது. கேட்டால், எச்சரிக்கைச் செய்திகள் வாடிக்கையாளரைக் குழப்புகின்றனவாம்! மெஷினின் மெமரி முழுவதையும் தொடக்கூடிய புரோகிராமை எழுதுகிறவர்கள் லைசென்ஸ் வரியிலேயே பொய் சொன்னார்கள். எனக்கு இன்றும் ஆறவில்லை.

உங்கள் கார்டுக்கு வருகிறேன். ஒன்பது, பத்து வாரத்துக்கொரு முறை புதுக் கெர்னல் வருகிறது, உள்ளமைப்பும் மாறுகிறது. டிரைவரின் சோர்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருந்தால், மாற்றுகிறவரே அதையும் திருத்திக் கொடுத்தாக வேண்டும். மூடியதைக் கம்பெனிதான் திருத்த முடியும், அதுவும் மனசு வைத்தால். கிராபிக்ஸ் கார்டு கம்பெனியான என்விடியா, பழைய கார்டுகளுக்கான தன் 390 வரிசை டிரைவரை 2022 கடைசியோடு கைவிட்டது. அதே ஆண்டு மே மாதம் கெர்னல் மாட்யூல் சோர்ஸை வெளியிட்டதும் அதே கம்பெனிதான், ஆனால் புதிய தலைமுறை கார்டுகளுக்கு மட்டும். உங்களுடையதும் என்விடியா என்றால் நூவோ என்ற திறந்த டிரைவரைப் போட்டுப் பாருங்கள். கார்டின் நடத்தையைக் கவனித்துக் கவனித்தே எழுதப்பட்டு, 2010இல் வெளிவந்த கெர்னலில் சேர்ந்த டிரைவர். வேகம் குறையும், அப்டேட்டில் அறுந்துபோகாது.

தமிழ்ப் பத்திரிகைக்காரர்கள் இதை எழுத்துருவில் அனுபவித்தவர்கள். எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடுக்கு முன்னால் கம்பெனிக்கொரு குறியேற்றம் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற கணக்கு). 1999இல் டாம், டாப் என்று பொதுக் குறியேற்றத் தரம் வகுத்த பிறகும் பலர் வழிக்கு வரவில்லை. எங்கள் பழைய இதழ்கள், டாங்கிள் (சாவி போன்ற சிறு கருவி) செருகினால்தான் திறக்கும் ஒரு மென்பொருளில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. விற்றவர்கள் தொழிலையே விட்டுவிட்டார்கள். அல்சூர், ஸ்ரீராமபுரம் எழுத்தாளர்களின் கதைகளை அச்சுப் பிரதியைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்துகொண்டிருக்கிறோம். தொண்ணூறுகளின் எழுத்துருக் குறியேற்ற அட்டவணைகளை வைத்திருக்கும் டிடிபிக்காரர்கள் யாராவது பெங்களூரில் இருந்தால், தயவுசெய்து எங்கள் அலுவலகத்துக்கு எழுதுங்கள்.