வெளிநாடு போனபோது அரங்கில் உட்கார்ந்து கால்பந்துப் போட்டி பார்த்த அனுபவம் உண்டா?

உண்டு. 2025 அக்டோபர் 9, வியாழக்கிழமை இரவு ஏழரை மணி, சிங்கப்பூர் தேசிய விளையாட்டரங்கம். ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரும் இந்தியாவும் மோதின. திருவாரூரிலிருந்து நான் கிளம்பியது அக்காவைப் பார்க்கத்தான். கால்பந்து என்ற நினைப்பே இல்லை. "இவ்வளவு தூரம் வந்துட்டு முஸ்தபா கடையையும் மெர்லயன் சிலையையும் பாத்துட்டுத் திரும்பிடுவியா?" என்று அத்தான்தான் நாலு டிக்கெட் எடுத்துவிட்டார்.

வம்பு வீட்டிலேயே தொடங்கியது. அத்தானும் அவருடைய அப்பாவும் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். இருவரும் சிவப்புச் சட்டை. எனக்கும் ஒரு சிவப்பு டீஷர்ட் தயாராக மடித்து வைத்திருந்தார்கள். நான் பெட்டியைக் குடைந்து, இருந்ததிலேயே நீலமாகத் தெரிந்த ஒரு கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டேன். அக்கா வெள்ளைச் சுடிதாரில் தப்பித்துவிட்டாள்.

போவது சுலபம். எம்ஆர்டி ரயிலின் வட்டப் பாதையில் 'ஸ்டேடியம்' என்றே ஒரு நிலையம் இருக்கிறது. மேலே ஏறி வந்தால் அரங்கம் எதிரிலேயே நிற்கும். வாசலில் பைச் சோதனை. தண்ணீர் பாட்டிலை (அத்தான் வாயில் அது 'போத்தல்') காலி செய்துவிட்டுத்தான் உள்ளே போனோம். 55,000 பேர் உட்காரும் இடம். தலைக்கு மேலே 310 மீட்டர் அகலக் குவிமாடம், நடுவில் ஒரு தூண் கிடையாது. மேற்குப் பக்கம் மட்டும் திறந்திருப்பதால் அந்த வழியாக நகரத்து விளக்குகள் தெரிகின்றன. இருக்கைப் பக்கம் குளிர்ந்த காற்று வர ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அந்த ஊர்ப் புழுக்கத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது போய் இறங்கியவர்களுக்குத் தெரியும்.

மாமாவுக்கு (அத்தானின் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) இந்தக் குவிமாடம் பிடிக்கவே இல்லை. இதே காலாங் வட்டாரத்தில் 1973இல் திறந்து 2007இல் மூடிய பழைய அரங்கம்தான் அவருக்கு அரங்கம். "கூரையாவது ஒண்ணாவது! மழை வந்தா எல்லாரும் நனைவோம் தம்பி. யாரும் எந்திரிச்சுப் போக மாட்டான்." அப்புறம் ஆட்டத்தை விட்டுவிட்டு சமது அல்லாபிச்சை கதைக்குப் போய்விட்டார். 1977இல் சிங்கப்பூர் மலேசியக் கிண்ணத்தை வென்றபோது அணித்தலைவர் அவர்தான்; தற்காப்பில் பாறை மாதிரி நிற்பாராம். அடுத்து இன்னொரு பழைய சிங்கப்பூர் ஆட்டக்காரர், சுந்தரமூர்த்தி. 1993இல் புருணைக்கு எதிராக அவர் அந்தரத்தில் தலைகீழாகப் புரண்டு அடித்த கோலை மாமா கையாலேயே காட்டினார். விரல் இரண்டும் கால்கள், உள்ளங்கை முதுகு. காட்டுகிற வேகத்தில் முன்வரிசைக்காரரின் தொப்பி கீழே விழுந்தது. அந்த மனிதரும் தொப்பியைத் தட்டிக்கொண்டே, "சுந்தரமா?" என்று சிரித்தார்.

ஆட்டத்துக்கு வருகிறேன். முதல் பாதி முடியும் நேரத்தில் சிங்கப்பூரின் இக்ஸான் ஃபாண்டி கோல் அடித்தார், பழைய நட்சத்திரம் ஃபாண்டி அகமதின் மகன். மூட்டுவலி என்று படியில் என் தோளைப் பிடித்து ஏறிய மாமா, துள்ளி எழுந்தார். இடைவேளை முடிந்த கையோடு சந்தேஷ் ஜிங்கனுக்குச் சிவப்பு அட்டை. பத்துப் பேரோடு இந்தியா இனி என்ன செய்யும்? வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தான் கிண்டல்கூடச் செய்யவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

90ஆவது நிமிடம். சிங்கப்பூர்த் தற்காப்பு சொதப்பியது, மாற்று ஆட்டக்காரராக வந்த ரஹீம் அலி பந்தை வலைக்குள் தள்ளிவிட்டார். எங்கள் வரிசையில் எழுந்து கத்தியவன் நான் ஒருவன்தான். அடுத்த நொடி பின்னாலிருந்து, "டேய், நம்ம சென்னையின் எஃப்சி பையன்டா!" என்று ஒரு குரல். திரும்பினால் ஏழெட்டுப் பேர், அங்கே வேலை பார்க்கும் நம்ம ஊர்ப் பையன்கள். ரஹீம் அப்போது அந்தச் சென்னை அணியில் ஆடிக்கொண்டிருக்கவில்லை, முன்பு ஆடியவர். அந்த நேரத்தில் அதையெல்லாம் யார் பார்ப்பது? முன்பின் தெரியாதவர்களோடு கட்டிப்பிடித்துக் குதித்தேன். மாமா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்: "உக்காருங்க தம்பி, மானம் தப்பிச்சிடுச்சுல்ல."

1-1. வீடு திரும்பும்போது யாருக்கும் முகம் தொங்கவில்லை.

நீங்கள் போகும் வாரத்தில் இப்படி ஆட்டம் எதுவும் இல்லையென்றால், ஜாலான் புசார் அரங்கத்தில் உள்ளூர் லீக் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். முஸ்தபாவிலிருந்து பொடிநடைதான். ஆறாயிரம் பேர் கொள்ளும் சின்ன அரங்கம். ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் திட்டுவதுகூடக் காதில் விழும் என்பார் அத்தான். என்னைக் கேட்டால், சுற்றுலாப் பயணிக்குப் பெரிய அரங்கத்தைவிட அதுவே மேல். அடுத்த முறை எனக்கும் அங்கேதான். இன்னொன்று, ஆட்டம் முடிந்ததும் எல்லாரோடும் சேர்ந்து ரயிலுக்கு ஓடாதீர்கள். கால் மணி நேரம் இருக்கையிலேயே இருந்துவிட்டுக் கிளம்பினால் நெரிசல் குறைந்திருக்கும்.

ஐந்து நாள் கழித்துக் கோவாவில் மறு ஆட்டம். அதற்குள் நான் ஊர் திரும்பியிருந்தேன். இந்தியாவின் சாங்டே முதல் கோல் அடித்ததும் மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் அனுப்பினேன். பதில் இல்லை. பிறகு சிங்கப்பூரின் சொங் உய் யோங் இரண்டு கோல் போட்டார். 2-1, இந்தியாவின் ஆசியக் கோப்பைக் கனவு அத்தோடு முடிந்தது. ஆட்டம் ஓய்ந்த இரண்டாவது நிமிடம் மாமாவிடமிருந்து குரல் செய்தி: "தம்பி, அந்தச் சிவப்பு டீஷர்ட் இன்னும் இங்கதான் இருக்கு. துவைச்சு வெச்சிருக்கேன்."