இதயச் செயலிழப்பும் உடல் எடையும்: நீலகிரி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இதயநோய்ப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிய மூத்த செவிலியர் பதிலளிக்கிறார். (இதயச் செயலிழப்பு என்பது இதயம் நின்றுபோவதல்ல, உடலுக்குப் போதிய இரத்தத்தை இறைக்க முடியாமல் அது பலவீனப்படுவது.)

கோத்தகிரியிலிருந்து: வணக்கம் அம்மா. என் அப்பாவுக்கு இதயச் செயலிழப்பு. சற்றுப் பருமனானவர். பருமனானவர்களே இந்நோயில் அதிக நாள் வாழ்கிறார்கள் என்று படித்தேன். அப்படியானால் எடையைக் குறைக்க வேண்டாமா?

பதில்: நீங்கள் படித்தது ஆதாரமற்ற செய்தியல்ல. முற்றிய இதயச் செயலிழப்புள்ள 1,203 பேரை வைத்து 2001-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பருமனானவர்களின் உயிர்பிழைப்பு மற்றவர்களைவிட மோசமாக இல்லை. ஆனால் மெலிந்தவர்களின் கூட்டத்தில் நோயாலேயே உடல் உருக்குலைந்து மெலிந்தவர்களும் இருப்பார்கள், அதனால் அந்தக் கூட்டத்தில் இறப்பு கூடுதலாகத் தெரியும். பருமனானவர்களோ மூச்சிரைப்பு சீக்கிரமே தெரிவதால் நோய் முற்றுவதற்கு முன்பே மருத்துவரிடம் வந்துவிடக்கூடும். 2023-இல் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்தவர்கள், எடைக்குப் பதிலாக இடுப்புச் சுற்றளவை உயரத்தோடு ஒப்பிட்டு, நோயின் தீவிரத்தையும் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது, பருமனால் கிடைப்பதாகத் தோன்றிய அந்தப் பாதுகாப்பு மறைந்துபோனது. இந்நோய் வருவதற்கே பருமன் ஒரு காரணம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆகவே அப்பாவின் எடை அவரைக் காக்கிறது என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். அதே சமயம் மருத்துவரிடம் கேட்காமல் பட்டினி போட்டுக் குறைக்கவும் வேண்டாம்.

மஞ்சூரிலிருந்து: அம்மாவுக்கு இதயம் பலவீனம். எட்டு மாதத்தில் 58 கிலோவிலிருந்து 51 கிலோவாகிவிட்டார். உறவினர்கள் நல்லதுதான் என்கிறார்கள். கவலைப்பட வேண்டுமா?

பதில்: ஆம், கவலைப்பட வேண்டும். இங்கு வந்த கேள்விகளில் என்னை மிகவும் உறுத்தியது இதுதான். முயலாமலேயே எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போயிருக்கிறது. ஓராண்டுக்குள் 5 சதவீதம் குறைந்தாலே மருத்துவர்கள் எச்சரிக்கை அடைவார்கள். 1997-இல் வெளியான ஆய்வொன்றில், 171 நோயாளிகளில் இப்படி உருக்குலைந்தவர்கள் 16 சதவீதம். அவர்களில் பாதிப்பேர் 18 மாதங்களுக்குள் இறந்துவிட்டனர், மற்றவர்களில் இறந்தவர்கள் 17 சதவீதம்தான். சிகிச்சை அன்றைவிட இன்று எவ்வளவோ முன்னேறியிருக்கிறது என்றாலும் எச்சரிக்கை மாறவில்லை. குடலில் நீர் தேங்குவதால் பசி மங்குகிறது, உடலில் அழற்சி கூடுகிறது, கொழுப்போடு தசையும் கரைகிறது. காலில் வீக்கம் இருந்தால் உண்மையான இழப்பு இதைவிட அதிகமாகவும் இருக்கலாம், ஏனெனில் தேங்கிய நீர் அதை மறைத்துவிடும். இந்த வாரமே மருத்துவரிடம் பழைய எடைக் குறிப்புகளோடு அழைத்துச் செல்லுங்கள். தைராய்டு, சர்க்கரை, காசநோய் போன்ற வேறு காரணங்களையும் அவர் பார்க்க வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருந்தால் அவரைக்கொட்டை, முட்டை, பருப்பு ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலவேளை கொடுங்கள்.

குன்னூரிலிருந்து: மூன்று நாளில் எனக்கு இரண்டு கிலோ கூடிவிட்டது. சாப்பாட்டைக் குறைக்கவா?

பதில்: இது கொழுப்பல்ல, பெரும்பாலும் நீர். மருத்துவரை இன்றே அழையுங்கள். படுத்தால் மூச்சு முட்டினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நீர்மாத்திரையை நீங்களாகக் கூட்ட வேண்டாம். மேடு ஏறினால் எல்லோருக்கும்தானே மூச்சு வாங்கும் என்று நம் ஊரில் பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடுவதற்கு முன், ஸ்வெட்டரும் சால்வையும் இல்லாமல் எடை பாருங்கள். உப்பு உடலில் நீரைத் தேக்கும் என்பதால் ஊறுகாய், அப்பளம் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

கூடலூரிலிருந்து: எடை குறைக்கும் ஊசி இதயத்துக்கு நல்லதாமே?

பதில்: 2023-இல் வெளியான, செமாகுளூடைடு என்ற எடை குறைக்கும் ஊசியின் சோதனையில் பங்கேற்ற 529 பேரும் பருமனானவர்கள், இதயம் சுருங்கும் ஆற்றல் குறையாத வகை நோயுள்ளவர்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு ஓராண்டில் எடை சுமார் 13 சதவீதம் குறைந்து, அறிகுறிகளும் நடக்கும் திறனும் மேம்பட்டன. ஆயுள் கூடுகிறதா என்று அறியும் அளவுக்கு அந்தச் சோதனை பெரிதல்ல. உங்களுக்கு எந்த வகை என்பது எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையில் இருக்கும். அதை மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். ஏற்கெனவே மெலிந்து வருபவர்களுக்கு இந்த ஊசியை நினைத்தும் பார்க்க வேண்டாம்.