எஞ்சினைப் பிரிக்கும் முன்பு அந்த நான்கு எண்களை வாங்குங்கள்

கேள்வி: 14 மாதங்களுக்கு முன்பு 9 லட்சம் ரூபாய்க்குப் புது பெட்ரோல் கார் வாங்கினேன். ஆறு மாதமாக பிக்கப் இல்லை. சிக்னலில் நின்றால் வண்டி உதறுகிறது. நான்கு முறை சர்வீஸ் சென்டரில் விட்டேன். பிளக் மாற்றினார்கள், இன்ஜெக்டர் சுத்தம் செய்தார்கள். இப்போது, "கலப்பட பெட்ரோல், வாரண்டி கிடையாது, எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்க 62,000 ரூபாய்" என்கிறார்கள். புது கார் கேட்டு வழக்குப் போடலாமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: வழக்குப் போடலாம். ஆனால் எஞ்சினைப் பிரிக்கச் சம்மதித்து இப்போது கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். உற்பத்திக் குறை என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். பிரித்து மாட்டிய எஞ்சினை வைத்து எதையும் நிரூபிப்பது பெரும்பாடு.

நீங்கள் அனுப்பிய ஜாப் கார்டுகளில் (ஒவ்வொரு முறையும் சர்வீஸ் சென்டர் வேலையைக் குறித்துத் தரும் தாள்) மூன்றாவதைப் பாருங்கள். ஓரத்தில் பேனாவால் பி0303 என்று எழுதியிருக்கிறது. காரின் கணினி காட்டும் பழுதுக் குறியீடு அது. மூன்றாவது சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆகிறது, அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். நான்கு சிலிண்டருக்கும் ஒரே டேங்க் பெட்ரோல்தானே போகிறது, மூன்றாவது மட்டும் ஏன் கெட்டது? பெட்ரோலைச் சோதித்ததற்கு ஒரு காகிதம்கூட இல்லை. இதுதான் உங்கள் வழக்கின் உயிர்.

பிளக், இன்ஜெக்டர் பார்த்தாகிவிட்டது. பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மிஸ்ஃபயரும் கூடவே இடம் மாறினால் காயில்தான் கோளாறு, சின்ன வேலை. மாறாவிட்டால் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கும் சோதனை. நான்கு சிலிண்டரின் அழுத்தத்தையும் உங்கள் முன்னால் அளந்து, எண்களை ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். மூன்றாவது மட்டும் தாழ்ந்திருந்தால், அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளக்கட்டும். அழுத்தம் நன்றாக ஏறினால் பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் பிஸ்டன் ரிங் மீது சந்தேகம். ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதிக்கும் சிலிண்டர்களுக்கும் இடையே உள்ள அடைப்பு) மீது சந்தேகம். வெளி மெக்கானிக்கிடம் போகாதீர்கள். அப்புறம், "வெளியாள் கை வைத்துவிட்டார்" என்பார்கள். சோதனையை மின்னஞ்சலில் கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பும் உங்களுக்குச் சாட்சிதான்.

சரி, வழக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். 9 லட்சத்துக்குக் கட்டணம் 200 ரூபாய். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விற்றவர், தயாரித்தவர் இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். மனுவோடு, பிரிவு 38-இன் கீழ் வண்டியை நிபுணர் சோதனைக்கு அனுப்பவும் கேளுங்கள்.

புது கார் வேண்டும் என்ற கோரிக்கையை முதலில் வைக்காதீர்கள். பழுதான பாகத்தை மாற்றித் தருவதாக மட்டும் வாரண்டி சொன்னால், முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்று 2006-இல் மாருதி உத்யோக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பணம் வாங்காமல் எஞ்சினைச் சரிசெய்வது அல்லது மாற்றுவது, வாரண்டி நீட்டிப்பு, அலைச்சலுக்கு இழப்பீடு ஆகியவற்றைப் பிரதானமாகக் கேட்டு, அது முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

இன்றே வாரண்டி புத்தகத்தையும் நான்கு ஜாப் கார்டுகளையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் எழுதிய அந்த பி0303 தெளிவாக விழ வேண்டும். பேனா மை மங்கிக்கொண்டிருக்கிறது.