இருத்தலியல் புரியணும்னா நான் முதல்ல கை காட்டுறது இகிரு

கேள்வி: எக்ஸிஸ்டென்ஷியலிசம்னா, அதாவது இருத்தலியல்னா, வாழ்க்கைக்கு அர்த்தமே இல்லைங்கறதுதானே? காம்யுவோட அந்நியன் நாவல் படிச்சேன், மனசுல ஒட்டல. வேற எங்க இருந்து ஆரம்பிக்கலாம்?

எனக்கும் முதல் தடவை ஒட்டலைங்க. வெ. ஸ்ரீராம் பிரெஞ்சுல இருந்து நேரா மொழிபெயர்த்ததுதான் படிச்சேன், தமிழ் அவ்ளோ நல்லா இருக்கும், ஆனா அம்மா சாவுக்கு அழாத அதோட நாயகன் மெர்சோ பக்கத்துல என்னால போகவே முடியல. காம்யுவே தன்னை இருத்தலியல்வாதின்னு சொல்றத ஏத்துக்கிட்டதில்ல, அது வேற கதை. நீங்க 1952ல வந்த ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவோட இகிரு படத்தைப் பாருங்க. இகிருன்னா வாழறதுன்னு அர்த்தம்.

படம் ஒரு எக்ஸ்ரேவுல ஆரம்பிக்குது. நகராட்சி ஆபீஸ்ல செக்‌ஷன் தலைவரா இருக்கற வாதனாபேவோட வயிறு, உள்ள கேன்சர், அது இன்னும் அவருக்கே தெரியாது. முப்பது வருஷமா லீவே போடாத மனுஷன், நாள் பூரா ஃபைல்ல முத்திரை குத்திக்கிட்டே இருக்கார். முத்திரையைத் துடைக்க டிராயர்ல இருந்து ஒரு பழைய காகிதக் கட்டை எடுத்து ஒரு தாளைக் கிழிக்கறார் பாருங்க, அது என்னன்னா ஆபீஸ் வேலையை எப்படி சீராக்கலாம்னு இளவயசுல அவரே ஆசையா எழுதின திட்டம். ஒரு வசனம் கிடையாது, சில நொடிதான், எனக்கு அதைத் தாண்டிப் போகவே நேரமாச்சு.

சாகப்போறோம்னு தெரிஞ்சதும் குடிக்கறார், ராத்திரி பூரா ஊர் சுத்தறார், எதுவும் நிக்கல. ஆபீஸ்ல இருந்து வேலையை விட்டுட்டுப் போன டோயோங்கற பொண்ணு ஒரு பொம்மை ஃபேக்டரியில முயல் பொம்மை செய்யுது, அவகிட்ட போய் நீ மட்டும் எப்படி இவ்ளோ உயிரோட இருக்கன்னு கெஞ்சிக் கேக்கறார். நான் இதைத்தான் செய்யறேன், ஜப்பான்ல இருக்கற குழந்தைங்களோட எல்லாம் விளையாடற மாதிரி இருக்கு, நீங்களும் ஏதாவது செய்யுங்கங்கறா. அவ்ளோதான் பதில். அந்த முயலைக் கையில எடுத்துக்கிட்டு அவர் மாடிப்படியில ஓடி இறங்கறப்ப, அங்க இருக்கற பசங்க வேற யாருக்கோ ஹேப்பி பர்த்டே பாடறாங்க.

பிரெஞ்சு இருத்தலியல் தத்துவவாதி சார்த்தர் 1945ல பாரிஸ்ல ஒரு சொற்பொழிவுல சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். தாள் வெட்டற கத்தியைச் செய்யறவன் அது எதுக்குன்னு முடிவு பண்ணிட்டுத்தான் செய்யறான், மனுஷனுக்கு அப்படி முன்கூட்டி யாரும் எழுதி வைக்கல, முதல்ல இருக்கோம், அப்புறம் நாம செய்யறதுதான் நாம. அதனால அர்த்தம் இல்லைங்கறது ஆரம்பப் புள்ளி மட்டும்தான், நீங்க அங்கயே நின்னுட்டீங்க. வாதனாபே துறவியா போகல, வேலையை விடல, அதே சீட்டு, அதே முத்திரை. சாக்கடைத் தண்ணி தேங்கற இடத்தைக் குழந்தைங்க விளையாட பார்க்கா மாத்திக் குடுங்கன்னு வந்த அம்மாக்களை துறை துறையா அலையவிட்டு திரும்ப அதே கவுண்டருக்கே அனுப்பின ஆபீஸ்ல, அந்த ஒரு மனுவைக் கையில எடுக்கறார்.

எடுத்ததும் குரோசவா அஞ்சு மாசம் தாண்டி நேரா அவரோட இறுதிச் சடங்குக்குக் கூட்டிட்டுப் போயிடறார்! பார்க் முடிஞ்சிருச்சு, துணை மேயர் பேரைத் தட்டிக்கிட்டுப் போறார், கூட வேலை பார்த்தவங்க குடிச்சுக்கிட்டே அவர் ஏன் அப்படி மாறினார்னு வாதம் பண்றாங்க, நாமளும் இனிமே அப்படி உழைப்போம்னு அழுது சத்தியம் பண்றாங்க. மறுநாள் ஆபீஸ்ல அதே பழைய கதை. கிமுராங்கற ஒருத்தன் மட்டும் சட்டுனு எழுந்து நிக்கறான், எல்லாரும் பார்க்கறாங்க, ஒண்ணும் பேசாம உக்காந்துடறான், ஃபைல் அடுக்குக்குப் பின்னால முகமே தெரியல. சார்த்தர் தன்னைத்தானே ஏமாத்திக்கறதுன்னு பக்கம் பக்கமா எழுதினது எனக்கு அந்த ஒரு காட்சியிலதான் விளங்குச்சு. ஏன்னா நானும் கவுண்டர்ல உக்காந்து வேலை பார்க்கறவன்தான். பென்ஷன் பேப்பரோட மூணாவது தடவை வந்த ஒரு பாட்டியை அடுத்த கவுண்டருக்கு அனுப்பிட்டு, கூப்பிடலாம்னு எழுந்து, பின்னால இருந்த வரிசையைப் பார்த்துட்டு உக்காந்திருக்கேன். படம் பார்த்தப்புறம் அந்த நாள் தேதி உள்பட ஞாபகம் வருது.

இதைப் பார்த்துட்டு, இந்தப் படத்துக்கு விதையா இருந்த டால்ஸ்டாயோட இவான் இலியிச்சின் மரணம் படிங்க. 1886ல வந்தது, சின்னதுதான், ஒரு ராத்திரியில முடிச்சிடலாம். மனுஷங்க எல்லாரும் சாகறவங்கன்னு பாடத்துல படிச்ச அந்த நீதிபதிக்கு, அதுல தானும் சேர்த்தின்னு மட்டும் நம்பவே முடியாது, அந்தப் பக்கங்களை நிதானமா படிங்க. நாவலாசிரியர் இஷிகுரோ திரைக்கதை எழுதி, இகிருவை லண்டன்ல நடக்கற மாதிரி 2022ல ஒரு ரீமேக் வந்திருக்கு, நல்லாதான் இருக்கு, ஆனா முதல்ல அதுல ஆரம்பிக்காதீங்க, இகிருல வாதனாபேவா நடிச்ச ஷிமுராவோட கண்ணைப் பார்த்தப்புறம் பாருங்க. மெர்சோகிட்ட அதுக்கு அப்புறம் திரும்பிப் போங்க, எனக்கு ரெண்டாவது தடவைதான் அவன் பேசறது காதுல விழுந்துச்சு.