கல்லா, கடலா?

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

எனக்கு 43 வயது. பருத்தித்துறையில் பிறந்து, இப்போது கோண்டாவிலில் இருக்கிறேன். பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். ஒரே மகள், தரம் 6.

ஓகஸ்ட் விடுமுறையில், நல்லூர்த் தேரும் தீர்த்தமும் முடிந்த கையோடு நான்கு நாள் எங்காவது போவோம் என்று இவர்தான் தொடங்கினார். நான் பொலன்னறுவை, அநுராதபுரம், சிகிரியா என்று சொன்னேன். நான் படித்த காலத்தில் தெற்கே போகும் ஏ9 பாதை யுத்தத்தால் பூட்டிக் கிடந்தது. பொலன்னறுவையில் சோழர் கட்டிய வானவன்மாதேவி ஈச்சரத்தைப் புத்தகத்தில் மட்டும் பார்த்தவள் நான். எத்தனையோ வருடமாக அதைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். நேரில் பார்க்க இன்னும் வாய்க்கவில்லை.

மகளுக்கு நிலாவெளிக் கடற்கரை வேண்டுமாம். "கல்லைப் பார்க்கவா அம்மா இவ்வளவு தூரம் போவது?" என்று கேட்டாள். இவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. மாமியோ, பிள்ளை ஆசைப்பட்டால் கூட்டிக்கொண்டு போனால் என்ன என்கிறார். கனடாவில் இருக்கும் மச்சாள், விடுமுறை என்றால் பிள்ளைகளின் விருப்பம்தான் என்று தொலைபேசியில் எனக்கே பாடம் எடுத்தார். நீச்சல் உடை ஒன்றும் அனுப்பிவிட்டார், முழங்கை வரை கை வைத்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்க ஒருவரும் இல்லை.

கடலில் அப்படி என்ன இருக்கிறது? உப்புத் தண்ணீரும் வெயிலும். நிலாவெளியில் வெளிநாட்டவர்கள் அரைகுறை உடையோடு திரிவார்கள். மணலில் புரண்டுவிட்டு வந்தால் பிள்ளை எதைக் கற்றதாக இருக்கும்? பொலன்னறுவைக்குப் போனால், சோழர் அதை ஜனநாதமங்கலம் என்று அழைத்தார்கள் என்பதாவது மனதில் நிற்கும். 2004இல் எங்கள் கரையில் நடந்ததையும் எல்லோரும் மறந்துவிட்டார்கள். இவள் இன்னும் பெரியபிள்ளை ஆகவில்லை, இன்றோ நாளையோ என்று இருக்கிறது. நானும் அந்த வயதுக்குப் பிறகு கடலில் கால் நனைத்ததில்லை, அது வேறு விடயம். படித்த தாய் ஒருத்தி பிள்ளைக்கு நல்லதொன்றைக் காட்ட நினைப்பது பிழையா?

நேற்று மகள் சமாதானம் பேச வந்தாள். "அம்மா, நீங்கள் கரையில் கதிரை போட்டு இருங்கள். வாசிக்கப் புத்தகம் கொண்டுபோகலாம். நாங்கள் குளித்துவிட்டு வருகிறோம்" என்றாள். அதற்கும் இவர் சிரித்தார். இரண்டு நாளாக நான் யாரோடும் கதைக்கவில்லை.

எந்தப் பயணம் பிள்ளைக்கு நல்லது என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் இவர் கேட்பார்.

ஒரு தாய்,
கோண்டாவில்.

*

அன்பின் சகோதரிக்கு,

உங்களைக் கேட்காமல் உடை அனுப்பியது பண்பில்லை. இரண்டு தடவையும் சிரித்தது அதைவிடப் பிழை. மச்சாளையும் இவரையும் இந்த அளவில் விடுவோம்.

எனக்கு ஒரு சந்தேகம். நிலாவெளிக்குப் போகிறவர்கள் திருகோணமலையைத் தாண்டி எங்கே போகப் போகிறார்கள்? சம்பந்தர் பாடிய கோணேசர் மலை அங்கேதான் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த அந்தக் கோயிலின் எச்சங்களை 1950களில் சுழியோடிகள் கடலடியில் கண்டார்கள். கோட்டை வாசலில் கல்லில் வெட்டிய இணைக்கயல், பாண்டியரின் இரட்டை மீன் சின்னம், இன்னும் நிற்கிறது. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். வரலாற்று ஆசிரியைக்கு நான் இதைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆனால் இவ்வளவும் தெரிந்த நீங்கள் கோணேசரை ஒரு வரியில்கூட எழுதவில்லை. எழுதியிருந்தால் கல்லும் கடலும் ஒரே பயணத்தில் கிடைத்திருக்கும், வழக்கும் முடிந்திருக்கும். வழக்கு முடிவதை நீங்கள் விரும்பவில்லை. பயணத்தில் கல் இல்லாததைவிட, கடல் இருப்பதுதான் உங்களைத் தொந்தரவு செய்கிறது.

ஆகவே "அது வேறு விடயம்" என்று நீங்கள் மூடிவைத்த வரிக்குத் திரும்பிப் போனேன்.

பருத்தித்துறையில் பிறந்த பிள்ளை. இரவில் படுத்தால் அலை கேட்கும் ஊர். பதினொரு, பன்னிரண்டு வயது வரை அந்தக் கடல் உங்களுடையதாக இருந்திருக்கும். பிறகு சாமத்திய வீடு நடந்திருக்கும்; சேலை உடுத்தி, படம் எடுத்து, எல்லோரும் வாழ்த்தியிருப்பார்கள். பூப்புனித நீராட்டு விழா என்று அழைப்பிதழில் அச்சடிக்கிறோம். பல பிள்ளைகளுக்குக் கடலில் நீராடுவது அன்றோடு நின்றுபோகிறது. ஏன் என்று உங்களுக்கு யாரும் காரணம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஏ9 பாதை பூட்டிக் கிடந்ததை உங்களால் கடிதத்தின் தொடக்கத்திலேயே எழுத முடிந்தது. கடல் பூட்டப்பட்டதை மட்டும், மகளைப் பற்றிய வரியின் வாலில், அதுவும் மன்னிப்புக் கேட்பது போல எழுதியிருக்கிறீர்கள். யுத்தம் பறித்ததைப் பற்றி எங்கள் ஊரில் எவ்வளவும் கதைக்கலாம். அம்மா பறித்ததைப் பற்றிக் கதைக்க வாய் வருவதில்லை.

இனி நான் சொல்வது உங்களுக்குக் கசக்கும். மகள் தண்ணீரில் இறங்குவதை நினைக்கும்போது உங்களுக்கு வருவது ஊர்க்கண் பற்றிய பயம் மட்டுமல்ல. எனக்கு மறுத்தது இவளுக்கு இவ்வளவு இலேசாகக் கிடைக்கிறதே என்ற எரிச்சலும் அதில் இருக்கிறது. இதற்காக உங்களைக் கெட்ட தாய் என்று சொல்ல மாட்டேன். இதே எரிச்சலோடு என் முன் வந்து அழுத தாய்மார் பலர். கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் அடியில் இருப்பது துக்கம்தான். ஆனால் அந்தத் துக்கத்துக்கு வானவன்மாதேவி ஈச்சரத்தின் பெயரைச் சூட்டி மகளின் தலையில் வைக்காதீர்கள். அவளுக்கு அது பாரம்.

இந்த வழக்கில் நான் மகளின் பக்கம். புலமைப்பரிசில் பரீட்சை முடிந்து இன்னும் நெடுநாள் ஆகவில்லை. எங்கள் ஊர் வழக்கப்படி அதற்கு முந்திய வருடங்களை அவள் ரியூசன் கொட்டிலில் கழித்திருப்பாள். ஜனநாதமங்கலம் என்ற பெயர் மனதில் நிற்பதற்காகக் கூட்டிப் போவது விடுமுறையில் நடத்தும் வகுப்பு. கல்லைப் பார்க்கவா என்று அவள் கேட்டது துடுக்குத்தான். அதற்காகச் சோழரை அவமதித்துவிட்டாள் என்று எடுக்க வேண்டியதில்லை. பெரியபிள்ளை ஆனால் கடலில் இறங்கக் கூடாது என்பதற்கு உடல் சார்ந்த காரணம் ஒன்றும் கிடையாது. உடையைப் பொறுத்தவரை, முழங்கை வரை கை வைத்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதில் குறை சொல்ல உங்களுக்கே ஒன்றும் அகப்படவில்லை. 2004ஐப் பற்றிய பயம் உண்மையானால் அதை வாதத்துக்கு நடுவில் செருக வேண்டாம். தனியாக எழுதுங்கள், தனியாகப் பதில் தருகிறேன்.

நேற்று மகள் சொன்னதை மறுபடி வாசித்துப் பாருங்கள். உங்களுக்கு ஒரு கதிரையும் புத்தகமும் ஒதுக்கியிருக்கிறாள். அன்பாகத்தான் ஒதுக்கியிருக்கிறாள். அம்மாவுக்குக் கடல் பிடிக்காது என்றே அவள் நினைத்திருக்கிறாள் போலிருக்கிறது. அந்த வயதில் உங்களைக் கரையேற்றினார்கள் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? நீங்கள்தான் சொல்ல வேண்டும். எந்த வருடம், யார், என்ன சொல்லி நிறுத்தினார்கள், அன்று நீங்கள் அழுதீர்களா என்பதையெல்லாம் சொல்லுங்கள். பாடநூலில் இல்லாத இந்த வரலாற்றை அவள் கண் கொட்டாமல் கேட்பாள். அந்தப் பேச்சிலேயே, அவளுக்கு முதல் தடவை அது வந்தால் என்ன செய்வது என்பதையும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். பயணத்தில் வந்தாலும் வரலாம். பையில் வேண்டியது இருந்தால் போதும்.

ஓகஸ்டில் கிழக்குக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். காலையிலேயே இறங்குங்கள், ஆழத்துக்குப் போக வேண்டாம், கோணேசரை மாலைப் பூசைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுடுப்பு மூன்று பேருக்கும் எடுத்து வையுங்கள்.

பொலன்னறுவையைக் கைவிடச் சொல்லவில்லை. அது உங்களுடைய ஆசை. பிள்ளையின் படிப்பு என்று அதற்குச் சாட்டுத் தேட வேண்டாம். மகள் வந்தால் வரட்டும், வராவிட்டால் இவரோடோ சக ஆசிரியைகளோடோ போய், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அந்தக் கல்லின் முன் நின்றுவிட்டு வாருங்கள்.

இந்தப் பதிலை இவரிடம் காட்டுங்கள். சிரித்தால் எனக்கு எழுதுங்கள்.