ஸ்டைலை நிறுத்தினால் பாட்டு ஓடுகிறது: என்ன செய்வது?

கேள்வி: கருங்கல் பக்கம் ஒரு சபையில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். ஸ்டைல், அதாவது கீபோர்டில் தானாக ஓடும் பின்னணித் தாளம், போட்டு வாசித்தால் சரியாக வருகிறது. டிரம்ஸ்காரரோடு வாசிக்கும்போது வேகம் கூடிக்கொண்டே போய், கடைசிச் சரணத்தில் பாடுகிறவர்களுக்கு மூச்சு வாங்குகிறது. எனக்குத் தாள ஞானமே இல்லையோ? மார்த்தாண்டத்தில் ஒருவர் மூன்று மாத லயப் பயிற்சி கொடுத்து கிரேடு (படிப்படியான இசைத் தேர்வு) சான்றிதழும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். முழுப் பணமும் முதலிலேயே கட்ட வேண்டுமாம். சேரலாமா?

பதில்: சேர வேண்டாம். உங்களுக்குத் தாள ஞானம் இருக்கிறது. இல்லாதவருக்கு வேகம் கூடியதே தெரியாது.

ஸ்டைல் ஓடும்போது தாளத்தை வைத்திருப்பது இயந்திரம். நீங்கள் அதன்மேல் சாய்ந்துகொள்கிறீர்கள். அது நின்றதும் தாளம் பிடிக்க ஆளில்லை. பல ஆண்டுகள் ஸ்டைலோடு மட்டுமே வாசித்தவர்கள் பலருக்கும் இது நடக்கும்.

முதலில் அளந்து பாருங்கள். ஒரு பாட்டை ஸ்டைல் இல்லாமல் முழுதும் வாசித்து போனில் பதிவு செய்யுங்கள். முதல் சரணத்துக்கு 40 நொடி, கடைசிச் சரணத்துக்கு 34 நொடி என்று வந்தால், நிமிடத்துக்கு 72 தட்டில் தொடங்கிய பாட்டு 85 தட்டுக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு எங்கே வேகம் கூடி ஓடுகிறது என்று பதிவைக் கேளுங்கள். விரலுக்குச் சிக்கலான இடங்களில் பெரும்பாலும் ஓடாது. வரி முடிந்து சுரம் நீளும் இடத்தில்தான் ஓடும். நான்கு தட்டு நிற்க வேண்டிய இடத்தில் மூன்றரை நின்றுவிட்டு அடுத்த வரியைப் பிடிப்பீர்கள். சத்தம் கூடும் இடத்திலும், வரிகளுக்கு இடையில் ஃபில் (இடைவெளியை நிரப்பும் சிறு வாசிப்பு) போடும் இடத்திலும் இதே கதைதான். வாசிக்காத நேரத்தை எண்ணாமல் விடுவதுதான் உங்கள் நோய்.

அதற்கு மருந்து கீபோர்டில் இல்லை. ஒரு வாரம் கீபோர்டை மூடி வையுங்கள். தொடையில் ஆதி தாளம் போடுங்கள்: தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. அதன்மேல் பாட்டைப் பாடுங்கள். வரி முடிந்து நிற்கும் இடத்தில் வாயை மூடாமல், தட்டுக்கு ஒரு ‘தகதிமி’ சொல்லுங்கள். இடைவெளிக்குள் நான்கு சிறு பங்கு இருப்பது காதுக்குத் தெரிந்துவிட்டால் அவசரம் தானாக அடங்கும். வாயால் சொல்ல வராத தாளம் விரலில் வராது.

அடுத்த வாரம் மெட்ரோனோம், அதாவது சீராக ‘டிக் டிக்’ என்று தட்டு காட்டும் கருவி. இலவச ஆப் போதும். 72 தட்டுப் பாட்டுக்கு முதலில் 72 வைத்து வாசியுங்கள். பிறகு 36 ஆக்கி, சத்தம் ஒன்றாம் தட்டிலும் மூன்றாம் தட்டிலும் மட்டும் விழுவதாக எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் நிலைத்தால், நான்கு தட்டுக்கு ஒரு சத்தம் மட்டும் வரும்படி மற்றவற்றை ஆப்பில் ஊமையாக்குங்கள். இயந்திரம் பேசாத நேரத்தை நீங்கள் நிரப்பப் பழக வேண்டும். எல்லாத் தட்டிலும் ‘டிக் டிக்’ வைத்தே பழகினால் அது ஸ்டைலுக்குப் பதில் இன்னொரு ஊன்றுகோல். தினம் 15 நிமிடம் போதும். வேகத்தைக் கூட்டிப் பழகாதீர்கள். 50க்குக் குறைத்துப் பழகுங்கள். இரண்டு தட்டுக்கு நடுவே 1.2 நொடி காத்திருப்பதுதான் கஷ்டம்.

ப்ளூடூத் விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் கெடுவது இங்கேதான். கீபோர்டின் சத்தத்தை ப்ளூடூத் ஸ்பீக்கரிலோ இயர்போனிலோ கேட்டுப் பழகாதீர்கள். விரல் அழுத்தியபின் சத்தம் வர 0.1 முதல் 0.3 நொடி ஆகலாம். 72 தட்டு வேகத்தில் ‘தகதிமி’யின் ஒரு எழுத்தே 0.2 நொடிதான். தாமதத்தை ஈடுகட்ட விரல் முந்தி விழப் பழகும். ஞாயிற்றுக்கிழமை ஒயரில் வாசிக்கும்போதும் முந்தியே விழும். ஆனால் மெட்ரோனோம் சத்தம் மட்டும் ப்ளூடூத்தில் வந்து, கீபோர்டு சொந்த ஸ்பீக்கரில் கேட்டால் கெடுதல் இல்லை. எல்லா ‘டிக்’கும் ஒரே அளவு தாமதமாக வருவதால் இடைவெளி மாறாது. மெட்ரோனோமையும் கீபோர்டையும் ஒரே ப்ளூடூத்தில் சேர்த்துக் கேட்டால் மறுபடி கெடும். குழம்பினால் ஒயர் ஹெட்போன் ஒன்று வாங்கிவிடுங்கள். கடைக்காரர் இதைச் சாக்கிட்டு ஸ்டைல் அதிகமுள்ள புது மாடலைக் காட்டுவார். ஏமாறாதீர்கள்.

இப்போது சான்றிதழ். கிரேடு தேர்வில் ஒரு வருடம் உருப்போட்ட சில உருப்படிகளைச் சுத்தமாக வாசித்தால் பெரும்பங்கு மதிப்பெண் வந்துவிடும். உயர்ந்த கிரேடு முடித்த பிள்ளைகள் கைத்தாளம் போட்டு ஒரு கீர்த்தனை பாட முடியாமல் நிற்கிறார்கள். பள்ளிகளில் பாட்டு வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிட்டு, பெற்றோரை இந்தக் காகிதத்துக்குப் பின்னால் ஓட விடுகிறோம்; நினைத்தாலே எரிச்சல் வருகிறது. தேர்வு நடத்துகிறவர்கள் கட்டணத்தை வெளிப்படையாக அறிவிக்கிறார்கள். நடுவில் நிற்பவர் ‘சென்டர் சார்ஜ்’ என்று மேலே கேட்பதற்கு ரசீது கேளுங்கள், தரமாட்டார். மொத்தப் பணமும் முன்னால் கேட்பவரிடம் எதையும் படிக்க வேண்டாம். ஆள் வேண்டுமென்றால் பக்கத்தில் மிருதங்கமோ தபேலாவோ சொல்லிக்கொடுப்பவரிடம் மாதக் கட்டணத்தில் சொற்கட்டு (‘தகதிமி’ போல வாயால் சொல்லும் தாளச் சொற்கள்) மட்டும் கேளுங்கள்.

கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு நடந்தால் போய்க் கேளுங்கள். பாட்டுக்காரர் கதையை இழுத்தாலும் வசனத்துக்குத் தாவினாலும் குடமும் ஜால்ராவும் எப்படித் திரும்பப் பிடிக்கின்றன என்று கவனியுங்கள். சாமியாட்டத்துக்காக வேகம் ஏற்றுவது வேறு. அது தெரிந்தே எல்லோரும் சேர்ந்து ஏற்றுவது.

இன்னொன்று: கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டின் தலையிலேயே ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும், யாரும் பார்ப்பதில்லை. மிச்ர சாபு தாளம் என்றால் ‘தகிட தகதிமி’, சுற்றுக்கு ஏழு எண்ணிக்கை. கீபோர்டில் நான்குக்கும் மூன்றுக்கும் ஆறுக்கும்தான் ஸ்டைல் நிறைய இருக்கும். ஏழு எண்ணிக்கையை அதில் திணித்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடம் நீளும் அல்லது குறையும். பழி உங்கள்மேல் விழும். அந்தப் பாட்டுக்கு ஸ்டைலே வேண்டாம்.

வரும் ஞாயிறு பாட்டு தொடங்கும் முன், சொற்கள் நெருங்கி வரும் வரியை மனதுக்குள் ஒருமுறை பாடிப் பாருங்கள். அந்த வரி மூச்சு முட்டாமல் போகும் வேகத்தைப் பிடித்து, டிரம்ஸ்காரருக்கு நான்கு எண்ணிக் கொடுங்கள். முதல் வரியின் வேகத்தை வைத்து எண்ணாதீர்கள்.